மாஸ்கோவின் கொம்பன்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மின்சார பஸ்கள் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். பேட்டரி, சார்ஜ் செய்யும் நேரம், செலவு எல்லாம் விளக்கமாக இருந்தது. ஆனால் போகிற போக்கில், மாஸ்கோ நகரம் காலாவதியான தொழில்நுட்பம் என்று 2020-ல் டிராலிபஸ்களைத் தூக்கி எறிந்துவிட்டதாக ஒரு வரி. ஆண்டு சரி. காரணம்தான் சரியில்லை. 1976-லிருந்து ஆறு வருடம் அந்த ஊரில் மின்பொறியியல் படித்தவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

டிராலிபஸ்ஸைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பார்க்க நம் டவுன் பஸ் மாதிரிதான் இருக்கும், ரப்பர் டயரில் ஓடும். கூரையிலிருந்து இரண்டு நீளக் கம்பங்கள் எழுந்து, சாலைக்கு மேலே கட்டிய இரண்டு மின்கம்பிகளைத் தொட்டுக்கொண்டே வரும். டிராமுக்கு ஒரு கம்பி போதும்; மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிவிடும். டயர் வண்டிக்கு அந்த வழி கிடையாது, அதனால் வர ஒன்று, திரும்ப ஒன்று. கம்பத்தின் நுனியில் ஒரு கரித்துண்டு இருக்கும். கம்பி தேயாமல் அது தேயும், தேய்ந்ததும் மாற்றிவிடுவார்கள். அந்த இரண்டு கம்பங்களால் ரஷ்யர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'கொம்பன்'.

ஜனவரிக் காலையில், கம்பியில் பனி உறைந்திருக்கும்போது, லெனின்ஸ்கி சாலையில் கொம்பன் வருவது நீலப் பொறியோடுதான் வரும். திருப்பத்தில் கொம்பு நழுவினால் வண்டி அப்படியே நின்றுவிடும். ஓட்டுநர் அம்மா (நான் போன வழியில் பெரும்பாலும் பெண்கள்தான் ஓட்டினார்கள்) தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கிப் பின்பக்கம் போவார். தொங்கும் கயிற்றைப் பிடித்து, அண்ணாந்து பார்த்து, முதலில் ஒரு கொம்பு, அப்புறம் மற்றது என்று கம்பியில் மாட்டுவார். இரண்டு நிமிடம்கூட ஆகாது. உள்ளே யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

கண்டக்டர் கிடையாது. உண்டியல் மாதிரி ஒரு பெட்டி இருக்கும். டிராமில் 3 கோபெக் (நம் பைசா மாதிரி, ரூபிளில் நூறில் ஒன்று), டிராலிபஸ்ஸில் 4, பஸ்ஸில் 5. காசைப் போட்டுவிட்டு டிக்கெட்டை நாமே கிழித்துக்கொள்ள வேண்டும். கூட்டமாக இருந்தால் காசு கைமாறிக் கைமாறிப் பெட்டிக்குப் போகும், டிக்கெட் அதே வழியில் நம் கைக்குத் திரும்பி வரும். ரஷ்ய மொழியில் நான் தடுமாறாமல் சொன்ன முதல் வாக்கியமே 'தயவுசெய்து இதை முன்னால் கொடுங்கள்' என்பதுதான்.

அங்கே முதல் வழித்தடம் தொடங்கியது 1933 நவம்பர் 15-ல். வண்டிக்கு எல்.கே. என்று பெயர், அன்று நகரக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராக இருந்த லாசர் ககனோவிச்சின் முதலெழுத்துகள் அவை. 1930-களின் கடைசியில் லண்டனைப் பார்த்து மாடி டிராலிபஸ்கூட விட்டார்கள். யாரோஸ்லாவ்ல் ஆலையில் பத்து வண்டிகள் செய்ததோடு அது நின்றுபோனது. போர்க்காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஊருக்குள் சரக்கு ஏற்றிப் போனவற்றில் கொம்பு வைத்த லாரிகளும் உண்டு. போருக்குப் பிறகு வளர்ந்து வளர்ந்து, உலகிலேயே மிகப் பெரிய டிராலிபஸ் அமைப்பு மாஸ்கோவுடையது என்று ஆனது. நான் படித்த காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடின. சடோவயா வட்டச்சாலையைச் சுற்றி வரும் 'பி' வழித்தடத்தை 'புகாஷ்கா', அதாவது குட்டிப் பூச்சி என்பார்கள். விடுமுறை நாளில் அதில் ஏறி ஒரு முழுச் சுற்று வருவது விடுதி மாணவர்களான எங்களுக்கு மலிவான ஊர்சுற்றல்.

இந்த அமைப்பைத்தான் 2010-களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார்கள். நகர மையத்தில் சாலைகளை அழகுபடுத்தும் திட்டம் வந்தது. தோண்டிய சாலைக்கு மேல் கம்பி திரும்ப வரவில்லை. கம்பிகள் பார்வையைக் கெடுக்கின்றன, ஒரு வண்டி நின்றால் பின்னால் வருவதும் நிற்கிறது என்றார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பத்தாண்டிலும் புதிய தாழ்தள டிராலிபஸ்களை வாங்கியவர்கள் இவர்களேதான். கழித்துவிட்ட வண்டிகளில் பல ரஷ்யாவிலேயே சரடோவ் போன்ற ஊர்களுக்குப் போய் அங்கே மக்களை ஏற்றிக்கொண்டு ஓடின. காலாவதியான சாமான் என்றால் சரடோவ் ஏன் அதை ஏற்று ஓட்ட வேண்டும்?

இப்போது ஓடும் பேட்டரி பஸ் என்ன செய்கிறது? வழியின் முடிவில் நின்று, மேலிருந்து மின்சாரம் எடுத்து, சார்ஜ் ஏறும்வரை காத்திருக்கிறது. குளிரில் உள்ளே சூடேற்றத் தனியாக டீசல் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். டிராலிபஸ்ஸுக்கு ஓடுவதற்கும் சூட்டுக்கும் கம்பி மின்சாரமே போதுமாக இருந்தது. கம்பிக்குக் கீழே ஓடும்போதே சிறிய பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டு, கம்பி இல்லாத தெருவிலும் போய் வரும் டிராலிபஸ்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 2017 முதல் ஓடுகின்றன. மாஸ்கோவிலோ கம்பி, கம்பம், துணை மின்நிலையம் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. இருந்ததைக் கழற்றிப் போட்டார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

செக் தலைநகர் பிராக் கதை இதற்கு நேர் எதிர். 1972-ல் டிராலிபஸ்ஸை நிறுத்திவிட்டு, 45 வருடம் கழித்து 2017-ல் திரும்பக் கொண்டு வந்தார்கள். 2024 முதல் விமான நிலையத்துக்கே மூன்று பெட்டி சேர்ந்த 24 மீட்டர் நீள டிராலிபஸ் போகிறது. மேட்டில் கம்பி, மற்ற இடங்களில் பேட்டரி. கட்டுரையாளர் அடுத்து எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாஸ்கோவின் வழக்கமான கடைசி வழித்தடமான 28-ம் எண் 2020 ஆகஸ்ட் 25-ஆம் தேதியோடு முடிந்தது. பத்தே நாளில், செப்டம்பர் 4-ல், கம்சமோல்ஸ்கயா சதுக்கத்திலிருந்து 'டி' என்ற ஒரு சிறிய வழித்தடத்தை அருங்காட்சியக ஓட்டமாகத் தொடங்கினார்கள். 'காலாவதியான தொழில்நுட்பம் என்று தூக்கி எறிந்தது' என்ற வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்பொறியாளர்,
திருச்சி.