கண் ஆறும்வரை காது

அன்புள்ள நண்பா,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் போனில் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. ஒரு மாதம் புத்தகத்தைத் தொடக் கூடாதாமே? அதை நீ எப்படித் தாங்குவாய் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை மகளை வாசித்துக் காட்டச் சொல்.

போன வருடம் முழுக்க நான் புத்தகங்களைக் காதால்தான் படித்தேன், வாசித்துப் பதிவு செய்த ஒலிப்புத்தகங்களாக. முதலில் எல்லாம் தன்முன்னேற்ற நூல்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு ஒரே மாதத்தில் ஆறு முடித்தேன். மனதில் ஒன்றுமே நிற்கவில்லை. கையில் புத்தகம் இருந்தால் ஒரு வரியில் நின்று யோசிப்போம், அடிக்கோடு போடுவோம். குரல் நமக்காக நிற்காது.

ஜேம்ஸ் கிளியரின் 'அட்டாமிக் ஹாபிட்ஸ்' மட்டும் தங்கியது. 2018-இல் வந்த புத்தகம், அவரே வாசித்திருக்கிறார். அதிலும் அவர் சொல்லும் விதிகளைவிட, பள்ளியில் படிக்கும்போது சக மாணவன் கையிலிருந்து நழுவிய பேஸ்பால் மட்டை அவர் முகத்தில் மோதிய கதைதான் எனக்குள் நிற்கிறது. வாரக்கணக்கில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்ததாம். நேர்க்கோட்டில் நடக்கவே பயிற்சி எடுத்திருக்கிறார். அதைக் கேட்ட பிறகு, எந்தப் பழக்கத்தையும் முதலில் இரண்டே நிமிடமாகச் சுருக்கித் தொடங்கு என்று அவர் சொல்வதை என்னால் நம்ப முடிந்தது. பட்டவன் சொன்னால் அறிவுரைக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது.

அப்புறம் வாழ்க்கைக் கதைகள் பக்கம் போனேன். நகைச்சுவைக் கலைஞர் டிரெவர் நோவா தானே வாசித்த அவரது வாழ்க்கைக் கதை 'பார்ன் எ க்ரைம்' கேட்ட அந்த ஒரு வாரத்தை மறக்க மாட்டேன். நிறவெறிச் சட்டம் இருந்த தென்னாப்பிரிக்காவில் 1984-இல் கறுப்பினத் தாய்க்கும் வெள்ளைக்காரத் தந்தைக்கும் பிறந்தவர். பெற்றோரின் உறவே சட்டப்படி குற்றம். ஓடும் வேனிலிருந்து அம்மா அவரை வெளியே தள்ளிவிட்டுத் தானும் குதிக்கிற காட்சியோடு தொடங்குகிறது. ஆங்கிலத்துக்கு நடுவே அவர் அம்மாவின் ஹோசா மொழி வரும்போது நாக்கு 'டொக்' என்று சொடுக்குகிறது பார், அச்சில் அந்த எழுத்தைப் பார்த்திருந்தால் நான் தாண்டிப் போயிருப்பேன். அம்மா பேசும் இடங்களில் அவர் குரலே மாறிவிடுகிறது. அங்கேதான் வேகத்தைப் பழையபடி ஒன்றுக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து யாருடைய வாழ்க்கையையும் நான் வேகமாக ஓட்டுவதில்லை.

மிஷெல் ஒபாமாவின் 'பிகமிங்' பத்தொன்பது மணி நேரம். அதற்கு 2020-இல் கிராமி விருதும் கிடைத்தது. வெள்ளை மாளிகைப் பகுதி எனக்குக் கொஞ்சம் நீளமாகப் பட்டது. ஆனால் நரம்பு நோயோடு தடி ஊன்றி வேலைக்குப் போன அப்பாவைப் பற்றி நிதானமாகச் சொல்கிறாரே, அதற்காகவே கேட்கலாம்.

பேசும் புத்தகங்கள் 1930-களில் அமெரிக்காவில் பார்வையற்றவர்களுக்காகத்தான் தொடங்கின, தெரியுமா? இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம்தான் ஓடுமாம். திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டவர்களை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

நீ நோவாவிலிருந்து தொடங்கு. படுத்துக்கொண்டு கேட்டால் அரை மணிக்கு டைமர் வைக்கச் சொல், தூங்கிவிட்டால் விட்ட இடத்தைத் தேடுவது பெரும்பாடு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முதல் அத்தியாயத்தை இரண்டு பேரும் சேர்ந்தே கேட்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்