சலீமிய்யா பள்ளிவாசல் நகல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துருக்கியின் எதிர்னே நகரிலுள்ள சலீமிய்யா பள்ளிவாசலைப் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, அதை 'ஹாகியா சோபியாவின் நகல்' என்கிறது (ஹாகியா சோபியா, இஸ்தான்புல்லில் தேவாலயமாகக் கட்டப்பட்டுப் பின்பு பள்ளிவாசலான பழைய கட்டடம்). வெளியே நின்று பார்ப்பவருக்கு அப்படித் தோன்றலாம். குவிமாடத்தின் விட்டம் இரண்டிலும் சுமார் 31 மீட்டர்தான். ஆனால் எடை தரைக்கு இறங்கும் வழி வேறு.

குவிமாடம் கீழே அழுத்துவதோடு நிற்காது, தன் அடிவிளிம்பை வெளிப்பக்கம் தள்ளவும் செய்யும். ஹாகியா சோபியாவில் அதைத் தாங்குபவை நான்கு பெருந்தூண்கள். கிழக்கிலும் மேற்கிலும் அரைக்குவிமாடங்கள் முட்டுக் கொடுக்கின்றன; வடக்கிலும் தெற்கிலும் அவை கிடையாது. 537-இல் முடித்த கட்டடத்தின் குவிமாடம் 558-இல் விழுந்தது. வளைவை உயர்த்தித் திரும்பக் கட்டியும் 989-இலும் 1346-இலும் ஒரு பகுதி சரிந்தது. சலீமிய்யாவைக் கட்டிய உதுமானியக் (ஒட்டோமான் துருக்கிய) கட்டடக் கலைஞர் சினானுக்கு இந்தக் கோளாறு அத்துப்படி. சுல்தான் இரண்டாம் சலீம் காலத்தில் அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்த்தவரே அவர்தான்.

இஸ்தான்புல்லின் சுலைமானிய்யாவில் (1550–1557) அவரும் நான்கு தூண்களைத்தான் வைத்தார். பக்கவாட்டு முட்டுகளைச் சுவரோடு சேர்த்துக் கட்டி, மாடங்களால் மறைத்தார். எதிர்னேயில் (1568–1575) நான்கு எட்டானது. எண்கோணமாக நிற்கும் தூண்கள் சுவர்ப்பக்கம் ஒதுங்கிவிட்டதால் நடுக்கூடம் ஒரே வெளியாகக் கிடைத்தது. குவிமாடத்தைச் சுற்றியுள்ள எட்டுச் சிறு கோபுரங்களை உங்கள் கட்டுரையாளர் அலங்காரம் என்று எழுதிவிட்டார். ஒவ்வொன்றும் ஒரு தூணின் தலையில் ஏற்றிய பாரம். வெளியே தள்ளும் விசையைக் கீழ்நோக்கித் திருப்புவதே அதன் வேலை. அந்தத் திறந்த வெளியின் நட்டநடுவே, 12 பளிங்குத் தூண்கள்மேல் முஅத்தின்களுக்கு (தொழுகைக்கு அழைப்பவர்களுக்கு) மேடை போட்டது மட்டும் ஏனோ கண்ணை உறுத்துகிறது. வாசலில் நிற்பவருக்கு மிஹ்ராபை, அதாவது தொழும் திசையைக் காட்டும் சுவர்க்குழிவை, அது மறைக்கிறது.

மினாராக்களின் உயரம் சுமார் 71 மீட்டர். நான்கில் இரண்டினுள் மும்மூன்று சுழல்படிகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஏறுகின்றன. ஒவ்வொரு படிவழியும் ஒவ்வோர் உப்பரிகைக்குப் போகும். மூவர் ஒரே நேரத்தில் ஏறினாலும் உள்ளே ஒருவரையொருவர் பார்க்க முடியாது.

'ஈயக்கூரைக்குப் பராமரிப்பே வேண்டாம்' என்று கட்டுரை சொல்வதும் தவறு. உதுமானியர் குவிமாடத்தின்மேல் வைக்கோல் கலந்த சேற்றைப் பூசி, அதன்மேல் ஈயத் தகடு விரித்தார்கள். வெயிலில் ஈயம் நீளும். குளிர்ந்த பின் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பாது. அதனால் தகடுகளின் ஓரங்களை மடித்துத்தான் இணைக்க வேண்டும். பற்றவைத்து ஒரே தகடாக்கினால் நகர இடமின்றி வெடிக்கும். அந்த வெடிப்பில் இறங்கும் நீர் உள்பக்க ஓவியப் பூச்சை உப்பச் செய்யும். அவசரத்துக்குச் சிமென்ட் அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பழைய சுண்ணாம்பு–செங்கல்தூள் காரை ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது.

கட்டுரையோடு வந்த படமும் சலீமிய்யா அல்ல. அதில் ஆறு மினாராக்கள் தெரிகின்றன. அது இஸ்தான்புல்லின் சுல்தான் அகமது பள்ளிவாசல். 1609-இல்தான் கட்டத் தொடங்கினார்கள். அடுத்த வாரமாவது சரியான படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
மதுரை