சொதிக்கு விடுவது தேசிப்புளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் சமையல் பகுதியில் வந்த சொதிக் குறிப்பைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். என் பேத்திக்கு 11 வயது. தானே சமைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பத்திரிகையைக் குசினியில் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், வெங்காயம், மஞ்சள் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. கடைசியில் ‘எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி’ என்று இருந்தது. “அம்மம்மா, எலுமிச்சை வீட்டில இல்லையே” என்று சொல்லித் தமையனைக் கடைக்கு அனுப்பிவிட்டாள். அவன் வெளிநாட்டுச் சாறு அடைத்த மஞ்சள் போத்தல் ஒன்றோடு வந்தான். எங்கள் கிணற்றடியில் தேசி மரம் காய்த்துக் கொட்டுகிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றுவதும் இந்த இரண்டு பிள்ளைகள்தான்.

பிள்ளைகளில் பிழை இல்லை. வீட்டில் கேட்பது தேசி, அச்சில் பார்ப்பது எலுமிச்சை. இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை.

எலுமிச்சை நல்ல தமிழ்ச் சொல். தமிழ்நாட்டார் அதை எழுதட்டும், பேசட்டும். ஆனால் திருகோணமலைச் சந்தையில் யாரும் எலுமிச்சை கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. திருக்கடலூரிலும் தம்பலகாமத்திலும் தேசிக்காய்தான். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் சகோதரிகள் ஊறுகாய் போடுவதும் தேசிக்காயில்தான். கந்தளாயிலிருந்து வரும் சிங்களப் பெண்கள் ‘தெஹி’ என்று கேட்பார்கள். தேசி, தெஹி என்று இரண்டும் அவ்வளவு பக்கத்தில் நிற்பதால் வியாபாரிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் எலுமிச்சம்பழம் என்பார்கள். நாங்களோ அது மஞ்சளாகப் பழுத்து விழுந்தாலும் தேசிக்காய் என்றே சொல்லுகிறோம். அதை யாரும் உரித்துத் தின்பதில்லை. எங்களுக்கு அது புளி. சாறு என்றுகூடச் சொல்வதில்லை, ‘தேசிப்புளி விடு’ என்போம். கறிக்குக் கரைத்து ஊற்றுவது பழப்புளி. மீனுக்குக் கொறுக்காய்ப்புளி. சொதிக்கும் சம்பலுக்கும் தேசிப்புளி. என் தாயார் ‘புளி காணாது’ என்று சொன்னால் எந்தக் கறிக்கு எந்தப் புளி என்று நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. ‘எலுமிச்சைச் சாறு’ என்று எழுதும்போது ஒரு காயின் பெயரோடு இந்த முழு வரிசையும் கலைந்து போகிறது.

அப்புறம், குசினிக்கு வெளியே பாருங்கள். முழுகுகிற நாளில் அவித்த தேசிக்காயைத் தலையில் தேய்த்து முழுகினோம். கொழும்பு பஸ்ஸில் ஏறும்போது சத்தி வராமலிருக்க ஒரு தேசிக்காயைக் கையில் பொத்திக்கொண்டு, அடிக்கடி மணந்து பார்த்துக்கொண்டு போனோம். பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்தவர்கள் தேசிக்காய் மாலை கொண்டு போவார்கள். ராகு காலத்தில் துர்க்கைக்கு ஏற்றுவது, பிழிந்த தேசிக்காய்க் கோதைப் புறம் திருப்பி நெய் விட்ட விளக்கு. புது வாகனம் எடுத்தால் நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்துத்தான் முதல் ஓட்டம். ‘எலுமிச்சை விளக்கு’ என்று அச்சில் படித்தால் எனக்கு யாரோ வேற்றூர்க் கோயில்தான் கண்ணில் வருகிறது.

பெயர் மாறினால் என்ன, காய் ஒன்றுதானே என்று சிலர் சொல்லக்கூடும். பேரன் வாங்கி வந்த போத்தலில் இருந்தது தேசிப்புளி அல்ல, லெமன் சாறு. அது வேறு பழம், பெரியது, மணமும் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு கடற்படையே கஷ்டப்பட்டிருக்கிறது. 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து நம் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். அதே ஆண்டில்தான் பல்முரசு வீங்கி இரத்தம் வடியும் ஸ்கர்வி நோய்க்காக அவர்களுடைய கடற்படை மாலுமிகளுக்கு லெமன் சாறு கொடுக்கத் தீர்மானித்தது. நோய் நன்றாக அடங்கியது. பிற்காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் தேசிக்காய்க்கு மாறினார்கள். இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லிப் பழகியிருந்ததால் மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை. தேசியில் அந்த நோயைத் தடுக்கும் உயிர்ச்சத்து குறைவு. 1875இல் வடதுருவத்துக்குப் புறப்பட்ட கப்பல்களில் தேசிச் சாறு இருந்தும் ஸ்கர்வி வந்து விழுத்தியது.

தேசிக்காயோடு இது நிற்கவும் இல்லை. தோடம்பழம் ஆரஞ்சு ஆகிவிட்டது, வத்தகப்பழம் தர்பூசணி ஆகிவிட்டது, அன்னமுன்னா சீதாப்பழம் ஆகிவிட்டது. கைபேசியில் ‘தேசி’ என்று அடித்தால் அது தானாகவே ‘தேசிய’ என்று திருத்திவிடுகிறது. அந்தக் கருவிக்கு எங்கள் சொல் தெரியாது, சரி. இந்த நாட்டில் அச்சாகும் பத்திரிகைக்குத் தெரியும்தானே.

ஆகவே ஒரு வேண்டுகோள். சமையல் குறிப்பானாலும் கைவைத்தியமானாலும் கோயில் செய்தியானாலும் தேசிக்காய் என்றே போடுங்கள். வெளியூர் வாசகர்களுக்கு விளங்காது என்று நினைத்தால் பக்கத்தில் எலுமிச்சை என்று ஒரு தடவை சொல்லுங்கள். எங்கள் சொல் முதலில் வரட்டும்.

இன்னொரு திருத்தமும் தேவை. பால் கொதிக்கும்போதே சாற்றை விடும்படி அந்தக் குறிப்பில் இருந்தது. அப்படி விட்டால் சொதி திரைந்துவிடும். பேத்தியின் முதல் சொதி அப்படித்தான் போயிற்று. அடுப்பை விட்டு இறக்கி, கொஞ்சம் ஆறிய பிறகே தேசிப்புளி விட வேண்டும் என்று அடுத்த ஞாயிறு ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.