நான் வரிசைக்கு அனுப்பிய அக்காவுக்கு

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

அப்பாவின் கடிதங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும் என்பதால் கை தானாகவே எழுதிவிட்டது. வரும் வியாழக்கிழமை அம்மாவின் நினைவு நாள். அதற்கு முன் உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். இந்த முறை நம் சபைகளை நிர்வகிக்கும் சேகர கமிட்டித் தேர்தலில் நான் நிற்கவில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நான் நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போனபோதெல்லாம் ஏன் என்று நீ கேட்டதில்லை. இப்போது நிற்காததற்கும் கேட்கமாட்டாய். ஆகவே கேட்காமலேயே சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டியதை ஊர் பார்க்க ஏன் எழுதுகிறான் என்று அத்தான் வருத்தப்படுவார்கள். சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனத்தன்று, அம்மா உயிரோடிருந்த கடைசி அசனத்தில், நான் உன்னிடம் பேசியதும் ஊர் பார்க்கத்தான், அதுவும் மைக்கில். அந்த ஒரு காரணம் போதும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முந்தின ஆண்டு அசனத்தில், பந்தி தொடங்குமுன்பே பின்வாசல் வழியாக யார் யார் வீட்டுக்கு எத்தனை வாளி கறி போனது என்பதையும், அதனால் கமிட்டியில் எழுந்த சண்டையையும் இங்கே எழுத முடியாது. சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இதை வாசிப்பார்கள். சிலர் இன்றைக்கும் எனக்கு வேண்டியவர்கள். பாத்திரம் கொண்டுவருகிறவர்கள் யாராயிருந்தாலும் பந்தி முடிந்தபின் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும் என்ற சட்டத்தை நான் ஏன் கொண்டுவந்தேன் என்பதற்கு அது ஒன்றே விளக்கம். சட்டம் சரியானது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அன்று காலை ஆராதனையில் நான் பேசியது உனக்கு நினைவிருக்கும். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய மிஷனெரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக ஒழிய வேண்டும் என்று எழுதியதையும், தனி இடமும் தனி வரிசையும் போய்விடுமே என்று தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகியதையும் சொல்லி, எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே கிடாரத்துச் சோற்றை உண்பதற்கு நம் முன்னோர் கொடுத்த விலை என்னவென்று கேட்டேன். பேச்சு நன்றாக இருந்தது என்று நம் போதகர் ஐயர் கைகொடுத்தார்கள். சீடர்களின் கால்களைக் கழுவியவரைப் பற்றிச் சொன்ன இடத்தில் எனக்கே தொண்டை அடைத்தது. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

புதுப்பாயில் வெள்ளை வேட்டி விரித்துச் சோறு குவித்திருந்த பந்தலின் பின்பக்கமாக நீ வந்தாய். கையில் அம்மாவின் தூக்குவாளி. மூடியின் கொக்கி உடைந்துபோனதால் வெள்ளை நூலால் கட்டியிருந்தாய். என்னைப் பார்த்ததும் வாளியைச் சற்று உயர்த்திக் காட்டினாய், அவ்வளவுதான். பக்கத்தில் இரண்டு கமிட்டி உறுப்பினர்கள் நின்றார்கள். நான் மைக்கை எடுத்து, "பாத்திரம் கொண்டுவந்தவர்கள் தயவுசெய்து வரிசைக்குப் போங்கள், என் சொந்த அக்காவாக இருந்தாலும் சட்டம் சட்டம்தான்" என்றேன். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். நீயும் சிரித்தாய். வாளியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வேப்பமரத்தைத் தாண்டி வெயிலில் நின்ற வரிசையின் கடைசிக்குப் போனாய்.

வரிசையில் நின்ற உன்னை நான் பார்க்கவே இல்லை என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன். பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். உன் முறை வந்தபோது கறி தீர்ந்து, குழம்பும் இரண்டு கத்தரிக்காய்த் துண்டும்தான் கிடைத்தன என்பதும் அன்றே எனக்குத் தெரியும்.

அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதும், காலையிலிருந்து ஒரு வாய் அசனச் சோறு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் மட்டும் எனக்குத் தெரியாது. சாயங்காலம் நான் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் அம்மா என் சட்டையைப் பிடித்து முகர்ந்துவிட்டு, "கறி நல்லா அமைஞ்சிருக்கு போல" என்றார்கள். நீ அடுப்படியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த அசனத்துக்கு அம்மா இல்லை.

என்னை மன்னித்துவிடு அக்கா. இதை எழுதிவிட்டு வெகுநேரம் அடுத்த வரி வராமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார்கள், பந்திக்கு வர முடியாது என்று சொல்லியிருந்தால் அந்த இரண்டு உறுப்பினர்களே வாளியை வாங்கி நிரப்பியிருப்பார்கள். நீ சொல்லவில்லை. சின்ன வயதில் நான் உன் சிலேட்டை உடைத்தபோதும் நீ சொல்லவில்லை. அப்பா வீட்டுப் பங்கு விஷயத்திலும் சொல்லவில்லை. நீ பேசாமல் இருக்க இருக்க ஊரே உன்னைச் சாந்தசொரூபி என்றது. உனக்குப் பக்கத்தில் நான் எதைச் செய்தாலும் அது அவசரக்காரனின் காரியமாகத் தெரிந்தது. உன் பொறுமைக்கு முன்னால் முப்பது ஆண்டுகள் குற்றவாளியாக நிற்பது எப்படியிருக்கும் என்று நீ ஒருநாளாவது யோசித்தாயா? இதை எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் வேதபாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அன்பு நீடிய சாந்தமுள்ளது என்று கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் வருகிற இடத்திலும், கலாத்தியரில் ஆவியின் கனியாக நீடியபொறுமை என்று வருகிற இடத்திலும் மூலத்தில் இருப்பது ஒரே கிரேக்கச் சொல்லின் வடிவங்கள்தான். கோபம் வர நெடுநேரம் ஆவது என்பது அதன் பொருள். கோபமே வராதிருப்பதைப் பொறுமை என்று நினைத்துத்தான் இத்தனை காலம் நான் பிரசங்கம் செய்திருக்கிறேன். அப்படியானால் உனக்கும் கோபம் உண்டு. அது இன்னும் வந்து சேரவில்லை என்றுதானே ஆகிறது? அந்தப் புத்தகத்தை மூடிவைத்த இரவில்தான் தேர்தலில் நிற்பதில்லை என்று முடிவெடுத்தேன். தாழ்மையைப் பற்றி மைக் வைத்துப் பேசுகிற இடத்தில் இருக்கும்வரை நீ என்னிடம் கோபப்படவே மாட்டாய் என்று தோன்றியது. இது சரியான காரணமா என்று தெரியவில்லை. தோற்றுவிடுவேன் என்ற பயமும் கொஞ்சம் இருந்தது. சிலர் அதைத்தான் சொல்வார்கள், சொல்லட்டும்.

இன்னொன்று. அம்மா பிடியரிசி போட்டுவைக்கும் டின்னை அடக்கம் முடிந்த மறுநாளே நீ எடுத்துப் போனாய், என்னிடம் கேட்கவில்லை. பச்சைப் பெயிண்ட் உரிந்த அந்தப் பழைய பிஸ்கட் டின் மீது எனக்கு ஆசை இருந்தது. உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து அதில் போடும்போது அம்மா ஏதோ முணுமுணுப்பார்களே, அது ஜெபமா கணக்கா என்று நாம் இருவரும் பந்தயம் கட்டியதை நான் மறக்கவில்லை. இன்றைக்கும் மாதத்தின் முதல் ஞாயிறு நீ அதைக் கொண்டுவந்து காணிக்கை அரிசியோடு கொட்டுவதைப் பின்வரிசையிலிருந்து பார்க்கிறேன். டின் உன்னிடமே இருக்கட்டும். உன் வீட்டில் தினமும் உலை கொதிக்கிறது. என் வீட்டில் பாதி நாள் ஓட்டல் சாப்பாடு.

தூக்குவாளி என்னிடம் இருக்கிறது. பாத்திரக்கடையில் கொடுத்துக் கொக்கியைப் பற்றவைத்துவிட்டேன், மூடி இப்போது நன்றாக உட்காருகிறது. வியாழக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் போகுமுன் காலை ஏழு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு வருகிறேன். உள்ளே வா, காப்பி குடி என்று கூப்பிடாதே. முதலில் வாசலிலேயே நிற்க வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல். எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டாலும் பரவாயில்லை.

உன் தம்பி