வலிக்காத நோயைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போன வாரம் போனில், மாதவிலக்கு நின்று ஒரு வருடமாகிவிட்டது, தொல்லை விட்டது என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் உன் வயது மனதில் தைத்தது. உனக்கு இப்போது 43. அப்படியானால் 42 வயதிலேயே நின்றுவிட்டது. அவ்வளவு சீக்கிரம் நின்றால் எலும்புக்கு ஆபத்து கூடுதல். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும்.

எனக்கு 58 வயதில் கை முறிந்தது நினைவிருக்கும். கால் வழுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு போய்விட்டது. மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரத்தில் பிரித்தார்கள். இவ்வளவு சின்ன விழுகைக்கு எலும்பு ஏன் முறிய வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. அந்தக் கேள்வியை அன்றே கேட்டிருந்தால் என் முதுகு தப்பியிருக்கும் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

எனக்கு எலும்புத் தேய்மானம் என்ற சொல் தெரியும். ஆனால் முழங்கால் வலியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அது மூட்டில் உள்ள குருத்தெலும்பு தேய்வது, வலிக்கும். எனக்கு வந்தது எலும்புப்புரை. புரை என்றால் துளை. எலும்பின் உள்ளே இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து, துளைகள் பெரிதாகிவிடும். அது வலிக்காது. முறியும்வரை ஓர் அறிகுறியும் காட்டாது. முழங்கால் வலிக்கவில்லையே, நமக்கு எலும்பு நன்றாக இருக்கிறது என்று என்னைப் போல் எத்தனை பெண்கள் இருக்கிறார்களோ!

அப்புறம், ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று வந்ததும் நிம்மதியாக இருந்துவிட்டேன். அதுவும் தவறு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிக்கொள்ளும். எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதே ரத்தக் கணக்கு சரியாகத்தான் காட்டும்.

போன வருடம் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கியதும் முதுகில் சுரீரென்றது. எக்ஸ்ரே எடுத்தால் ஒரு முதுகெலும்பு நசுங்கியிருந்தது. அதற்கு மேலே இன்னொன்று, எப்போதோ நசுங்கிப்போனது. அது எனக்குத் தெரியவே இல்லை. கைக்கு எட்டிய மேல் அலமாரி சில வருடங்களாக எட்டாமல் போனதற்கு அதுதான் காரணம். உயரம் 5 செ.மீ. குறைந்திருந்தது. உன் பாட்டி கூன் விழுந்து நடந்ததையும் கடைசியில் இடுப்பெலும்பு முறிந்து படுத்ததையும் வயதான தோஷம் என்றே சொல்லிவந்தோம். பெற்றவருக்கு இடுப்பு முறிந்திருந்தால் பிள்ளைக்கும் ஆபத்து கூடுதல் என்று என் மருத்துவர் சொன்னபோது அம்மாவை நினைத்து அழுதுவிட்டேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். எலும்பு தினமும் கரைந்து தினமும் கட்டப்படும். 30 வயதுக்குள் சேர்ந்ததுதான் கையிருப்பு. கரைவது அளவு மீறாமல் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பிடித்து வைத்திருக்கும். மாதவிலக்கு நின்றால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். அடுத்த ஐந்தாறு வருடங்களில்தான் இழப்பு மிக வேகம். 45 வயதுக்கு முன்பே நின்றவர்களுக்கு இந்த இழப்பு அவ்வளவு சீக்கிரம் தொடங்கிவிடுகிறது. உனக்கோ சின்ன வயதிலிருந்தே ஒல்லி உடம்பு. மூச்சிரைப்புக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை வேறு சாப்பிட்டிருக்கிறாய். இவை ஒவ்வொன்றும் தனியாகவே ஆபத்துக் காரணம். உனக்கு மூன்றும் இருக்கிறது, போதாததற்கு என் வழியும்.

அதனால் மருத்துவரிடம் போ. எலும்பு அடர்த்தி ஸ்கேன், டெக்ஸா என்பார்கள், எடுக்கலாமா என்று நீயே கேள். சில நிமிடம் படுத்தால் போதும், வலி கிடையாது. டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும். மைனஸ் 1 வரை பயமில்லை. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை. எனக்கு மைனஸ் 2.9. சீக்கிரம் நின்றவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், வழக்கமாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் சிகிச்சை தருவதுண்டு. அதையும் கேள். வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்.

நீச்சல் போகிறேன் என்றாய். உடம்புக்கு நல்லதுதான், விடாதே. ஆனால் தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அதில் வேலை குறைவு. வேகமாக நடப்பது, படி ஏறுவது, எடை தூக்குவது இவையும் வேண்டும்.

நான் இப்போது வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில், நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அந்த அரைமணி நேரத்தில்தான் இதை எழுதி முடித்தேன்.

என் ஸ்கேன் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மருத்துவரிடம் காட்டு. உன் எண் வந்த அன்றே எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா