பேசும் முன்னால் கேட்டுவிடு

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ மன ஆலோசனைக்கு, அதான் தெரபிக்கு, போக ஆரம்பித்திருக்கிறாய் என்று படித்ததும் எனக்கு வந்தது நிம்மதிதான். அம்மா போனதிலிருந்து எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாய். ஆனால் கடைசியில், "எது யார் காதுக்குப் போகுமோ என்று பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தாயே, அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இத்தனை வருடமாக நானும் இங்கே தெரபிஸ்டாகத்தான் இருக்கிறேன். விழுங்கப்படுகிற பாதியில்தான் பெரும்பாலும் வலி இருக்கும். அதனால் என் கதையெல்லாம் அப்புறம்.

முதல் நாள் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள், எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்துவிட்டேன் என்கிறாய். அப்படி இல்லை. அங்கே அமெரிக்காவில் ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, உன் தகவலை எப்படிப் பயன்படுத்துவார்கள், உனக்கு என்னென்ன உரிமை என்று சொல்லும் அறிவிப்பைத் தந்தே ஆக வேண்டும். அதில் நீ போட்ட கையெழுத்து அது கைக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான். அதே கட்டில் வேறு சம்மதப் படிவமும் இருந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படி. அவசரத்தில் எதற்காவது சம்மதம் கொடுத்திருந்தால் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். அதற்குள் வெளியே போன தகவலை மட்டும் திருப்ப முடியாது.

உன் உண்மையான கவலை இன்சூரன்ஸ் என்று நினைக்கிறேன். பாலிசி உன் கணவர் பெயரில் இருக்கிறது. சிகிச்சைக்கும் பணம் வசூலிப்பதற்கும் தேவையான தகவலை உன் தனி அனுமதி இல்லாமலே அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கிறது. எந்தத் தேதியில் போனாய், எந்த வகை சிகிச்சை, நோயின் குறியீடு என்ன என்பதெல்லாம் போகும். அதற்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் செலவு விவரம் பொதுவாக பாலிசிதாரருக்குத்தான் வரும். அதாவது அவர் கைக்கு. அவர் நல்ல மனிதர், எனக்குத் தெரியும். ஆனாலும் நீ எப்போது, எப்படிச் சொல்வது என்பதை ஒரு தபால் உறை முடிவு செய்யக் கூடாது.

இதற்கு வழி இருக்கிறது. கட்டணத்தை முழுவதும் உன் கையிலிருந்தே கட்டிவிட்டு, "இதை இன்சூரன்ஸுக்குத் தெரிவிக்க வேண்டாம்" என்று எழுத்தில் கொடுத்தால், தெரபிஸ்ட் அதை ஏற்றே ஆக வேண்டும், வேறு சட்டம் கட்டாயப்படுத்தினாலொழிய. எத்தனையோ கோரிக்கைகளை அவர்கள் மறுக்கலாம், இதை மறுக்க முடியாது. பணம் இடிக்கும் என்றால், இன்சூரன்ஸ் கம்பெனியிடமே தபாலை வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்லிக் கேள். தகவல் வெளியே தெரிந்தால் உனக்கு ஆபத்து இருக்கிறது என்று சொன்னால்தான் ஹிப்பாவில் அவர்களுக்குக் கட்டாயம். சில மாநிலங்களில் இதைவிடத் தாராளமான சட்டம் உண்டு, உங்கள் மாநிலத்தில் என்ன என்று விசாரி. தெரபிஸ்டிடம் அந்தத் தொல்லையே இல்லை. இந்த எண்ணில் மட்டும் கூப்பிடுங்கள், வாய்ஸ் மெயில் வைக்காதீர்கள் என்றால் போதும், காரணம் கேட்கக் கூடாது.

அடுத்தது குறிப்பு. தெரபிஸ்ட் எழுதிக்கொண்டே இருக்கிறார், பயமாக இருக்கிறது என்கிறாய். குறிப்பு இரண்டு வகை. ஒன்று சிகிச்சைப் பதிவு. அதில் நோயறிதல், சிகிச்சைத் திட்டம், முன்னேற்றம் இருக்கும். அதை நீ பார்க்கலாம், நகல் கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும், தப்பாக ஏதாவது இருந்தால் திருத்தச் சொல்லலாம். திருத்த மறுத்தால் உன் மறுப்பை அதோடு சேர்த்து வைக்கச் சொல்லலாம். இன்னொன்று தெரபிஸ்ட் தனக்காகத் தனியே வைத்துக்கொள்ளும் குறிப்பு. அதைப் பார்க்கும் உரிமை உனக்கு இல்லை. ஆனால் ஒருசில விதிவிலக்குகள் தவிர, உன் தனிப்பட்ட எழுத்து அனுமதி இல்லாமல் இன்சூரன்ஸ் உட்பட யாருக்கும் போகாது. தனியாக வைத்திருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. ஒரே ஃபைலில் கலந்து எழுதினால் கிடையாது. எப்படி வைக்கிறார் என்று நேராகவே கேள். நல்ல தெரபிஸ்ட் கோபித்துக்கொள்ள மாட்டார். இங்கே இந்தியாவில் 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ரகசியம் காக்கப்படும் உரிமை 23-ஆம் பிரிவில், மருத்துவப் பதிவைப் பார்க்கும் உரிமை 25-ஆம் பிரிவில். என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே இரண்டையும் சொல்லிவிடுவேன்.

நான் எழுதுவதே குறைவு. நாத்தனாரோடு நடந்த சண்டையை ஒருவர் முக்கால் மணி நேரம் சொல்லியிருப்பார். பதிவில் "குடும்ப உறவில் மன அழுத்தம், தூக்கம் குறைவு, மூச்சுப் பயிற்சி தொடர்கிறது" என்று மட்டும் இருக்கும். யார், என்ன சொன்னார் என்பது சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் ஒழிய காகிதத்துக்கு வராது. ஃபின்லாந்தில் வாஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடு போய், 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே மிரட்டல் மின்னஞ்சல் போனது. பணம் கொடு, இல்லாவிட்டால் நீ பேசியதை வெளியிடுவேன் என்று. பல்லாயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள். திருடியவனுக்கு 2024-இல் ஆறு வருடத்துக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. வெளியே போன பேச்சு போனதுதான். அதைப் படித்த நாளிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பேனா நின்று நின்றுதான் போகிறது.

நீ சொன்ன அந்த மனநிலை குறித்துவைக்கும் ஆப் வேண்டாமே. அப்படிப்பட்ட பல ஆப்களுக்கு ஹிப்பா பொருந்தாது. ஆன்லைனில் தெரபி தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் பயனர் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றோடு பகிர்ந்ததாக 2023-இல் அமெரிக்க வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்தது.

ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்க மாட்டேன். குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். ஒருவர் இன்னொருவரைத் தாக்கப்போவதாகச் சொன்னால், கலிஃபோர்னியாவில் 1976-இல் வந்த டாராசாஃப் தீர்ப்புக்குப் பிறகு, பல மாநிலங்களில் எச்சரிக்கை செய்யும் கடமையோ அனுமதியோ தெரபிஸ்டுக்கு இருக்கிறது. ஆனால் "வாழப் பிடிக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொன்ன உடனே யாருக்காவது போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள் என்று பலர் பயந்து ஊமையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த எண்ணம் வருவது வேறு, உடனடி ஆபத்து வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் எங்களுக்குப் பயிற்சி. எந்தக் கட்டத்தில் யாரிடம் சொல்வீர்கள் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள். உனக்கு அப்படி எண்ணம் வருகிறது என்றால் அவரிடம் சொல், எனக்கும் எந்த நேரமானாலும் போன் பண்ணு.

இங்கே என் செய்தி என்று பார்த்தால், பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. நானும் அறை மாற்றிவிட்டேன். புது அறையில் தோழியை உள்ளே உட்கார்த்திப் பேசச் சொல்லிவிட்டு, வெளி நாற்காலியில் நான் உட்கார்ந்து கேட்டேன். வார்த்தை வார்த்தையாகக் கேட்டது! கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டி, வெளியே இரைச்சல் எழுப்பும் சின்ன மெஷின் ஒன்றை வைத்த பிறகுதான் ஆட்களை வரச் சொன்னேன். வரவேற்பில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது நீயும் காத்திருக்கும் இடத்தில் கொஞ்சம் காது கொடுத்துப் பார். உள்ளே பேசுவது கேட்டால் தயங்காமல் அவரிடம் சொல். என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் கலா