பிள்ளைகளுக்குத் தீயைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள்

அன்புள்ள குழு உறுப்பினர்களுக்கு,

திருக்கார்த்திகை வருகிறது, பின்னாலேயே கிறிஸ்துமஸ் குடிலும் வரும். குலசேகரம் பக்கத்து வீடுகள் பலவற்றில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையும், அடுப்பெரிக்க அடுக்கிய காய்ந்த ஓலையும் சிரட்டையும் வேறு இருக்கின்றன. நான்கைந்து வயதுப் பிள்ளைகளிடமும் இப்போதே பேசிவிடுங்கள்.

தீயைக் கண்டால் சிறு பிள்ளைகள் பெரும்பாலும் வெளியே ஓடுவதில்லை; கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ ஒளிந்துகொள்கிறார்கள். "தீப்பெட்டியைத் தொட்டால் அடிப்பேன்" என்று மிரட்டி வைத்திருக்கும் வீட்டில் இது இன்னும் நிச்சயம். எனவே மிரட்டலை விடுங்கள். யார் பற்றவைத்தாலும் திட்டமாட்டோம், எதையும் எடுக்க நிற்காமல் வெளியே ஓடி வா என்று சொல்லுங்கள். வந்து நிற்க முற்றத்தில் ஓர் இடத்தைக் காட்டுங்கள் (கிணற்றடி வேண்டாம்!). புகை மேலே நிற்கும் என்பதால் தரையோடு தவழ்ந்து வரவும், உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உருளவும் விளையாட்டாகவே பழக்கலாம். ஒரு முறை போதாது, பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.

பெரியவர்களுக்கு: சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். தீக்காயத்துக்குப் பற்பசை, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்; 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

தீயணைப்பு 101, எரிவாயுக் கசிவு 1906. குடிலில் வைக்கோலுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி வைக்காதீர்கள்.